தாமிரபரணி, பொருநை: ஆற்றின் பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஆற்றைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பெயரைப் பற்றிய சந்தேகமும் கூடவே வந்துவிடும். பள்ளிக் கட்டுரை எழுதும் பிள்ளைகள், புஷ்கர நீராட்டு விழாவுக்கு வந்தவர்கள், ஆதிச்சநல்லூர் தொல்லியல் களத்தைப் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகள் கீழே உள்ளன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. தாமிரபரணியும் பொருநையும் ஒரே ஆறுதானா?

இன்றைய வழக்கில் ஒரே ஆறுதான். பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாகப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளம் சுமார் 128 கி.மீ.

‘இன்றைய வழக்கில்’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய பாடல்களில் ‘பொருநை’ என்று கண்ட இடமெல்லாம் நெல்லை ஆறு என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். அது 8ஆம் கேள்வியில் வருகிறது.

2. தாமிரபரணின்னா என்ன அர்த்தம்?

வடமொழியில் ‘தாம்ர’ என்றால் செம்பு, செம்பு நிறம். ‘பர்ண’ என்றால் இலை. ‘தாம்ரபர்ணீ’ என்றால் செந்நிற இலைகளை உடையவள். ஆறுகளைப் பெண்ணாகச் சொல்வது வடமொழி வழக்கம் என்பதால் பெண்பால் ஈறு சேர்ந்திருக்கிறது.

செந்தளிர் விடும் மரங்கள் அடர்ந்த கரை என்பதால் இந்தப் பெயர் என்று விளக்குவோர் உண்டு. சொல்லின் அமைப்புக்கு அது பொருந்துகிறது. எந்த மரம் என்று ஒன்றைக் குறிப்பிட்டு யாராவது அடித்துச் சொன்னால், அது ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. தண்ணியில தாமிரச் சத்து இருக்குறதாலதானே இந்தப் பேரு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சொல்லில் ‘தாமிரம்’ இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் காட்டப்படுவதில்லை. வடமொழியில் ‘தாம்ர’ என்பது உலோகத்தை மட்டும் குறிப்பதல்ல. சிவந்த நிறத்தையும் குறிக்கும். சிவந்த கண்களைக்கூட அந்த அடையோடு வருணிப்பார்கள். மேலும், பெயரின் பின்பாதி இலையைச் சொல்கிறதே தவிர நீரைச் சொல்லவில்லை.

ஆதிச்சநல்லூரில் செம்பும் வெண்கலமும் கிடைத்திருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். உண்மைதான், அழகான வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. ஆனால் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் செம்பு பயன்படுத்தினார்கள் என்பதால் ஆற்று நீரில் செம்பு ஓடியது என்று ஆகிவிடாது. தண்ணீரில் எந்த உலோகம் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

4. அகத்தியரும் தாமரை மாலையும்னு ஒரு கதை சொல்றாங்களே, அது என்ன?

தலபுராண மரபில் வரும் கதை. பார்வதி அகத்தியருக்குச் செந்தாமரை மாலை ஒன்றைக் கொடுக்கிறாள். அது பெண்ணாக மாறுகிறது. அவளே பொதிகையிலிருந்து ஆறாக இறங்குகிறாள். சிவந்த இதழ்களிலிருந்து வந்தவள் என்பதால் தாம்ரபர்ணீ.

பெயருக்கான காரணம் மறந்த பிறகு பெயரிலிருந்து கதை பிறப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனாலும் இந்தக் கதையைக் கட்டியவர் சொல்லின் பொருளை நன்றாக அறிந்தவர். ‘சிவப்பு’, ‘இதழ்’ என்ற இரண்டு பாதியையும் விடாமல் கதைக்குள் வைத்திருக்கிறார். தண்ணீரில் செம்பு என்று சொல்பவர்கள் ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

5. தாமிரபரணியா, தாமிரவருணியா? எது சரி?

அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் இன்று ‘தாமிரபரணி’தான். கட்டுரையில் அதையே எழுதுங்கள். ‘தாமிரவருணி’ பழைய அச்சு நூல்களிலும் வயதானவர்கள் பேச்சிலும் உண்டு. அதைப் பிழை என்று அடித்துவிட வேண்டாம்.

இரண்டும் எப்படி வந்தன என்பது ஒலி மாற்றக் கணக்கு. ‘ர்ண’ என்ற கூட்டொலி தமிழ் நாக்குக்கு ஒத்துவராது. அதனால் இடையில் ஓர் உயிரைச் செருகுவோம், அல்லது மெய்யை இரட்டிப்போம். ‘வர்ணம்’ ஒரு பக்கம் ‘வருணம்’ ஆனது, இன்னொரு பக்கம் ‘வண்ணம்’ ஆனது. ‘பர்ணசாலை’ கம்பரிடம் ‘பன்னசாலை’. அதே வழியில் ‘பர்ணீ’ என்பது ‘பரணி’ அல்லது ‘பருணி’ ஆகும். ‘வருணி’ என்று எழுதியவர்கள் பின்பாதியை ‘வர்ணம்’ என்று கொண்டார்கள். அப்போது பொருள் ‘செம்பு நிறத்தாள்’. புது வெள்ளம் செம்மண் கலந்து வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்தவருக்கு அதுவும் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் பழைய வடமொழி நூல்களில் நிலைத்திருக்கும் வடிவம் ‘பர்ணீ’.

6. பரணி நட்சத்திரத்துக்கும் ஆத்துப் பேருக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. நட்சத்திரம் வடமொழியில் ‘பரணீ’. அதன் முதல் எழுத்து மூச்சு கலந்த வேறோர் ஒலி, உள்ளே ‘ர்ண’ கூட்டும் கிடையாது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன, அவ்வளவுதான். போர்க்களம் பாடும் பரணி இலக்கியத்துக்கும் இந்த ஆற்றின் பெயருக்கும் உறவில்லை.

7. பொருநையா, பொருனையா, பொருணையா? அதுக்கு என்ன பொருள்?

‘பொருநை’ என்பதே பழைய எழுத்து. பாரதியார் ‘செந்தமிழ் நாடெனும் போதினிலே’ பாட்டில் வையையோடு சேர்த்து இந்த ஆற்றைச் சொல்லும் இடம் பல பதிப்புகளில் ‘பொருனை’ என்று இருக்கிறது. குழப்பம் அங்கிருந்து வருவதும் உண்டு. ‘பொருணை’க்கு ஆதாரம் இல்லை.

‘ஒரே சொல்லின் நடுவில் தந்நகரம் (ந) வருமா?’ என்று தமிழாசிரியர்களே கேட்பதுண்டு. வரும், ஆனால் அரிது. ‘ந்’ என்ற மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் இரண்டே இரண்டு என்று தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டுவார்கள்: பொருந், வெரிந். ‘பொருநன்’, ‘பொருநை’ ஆகியவற்றில் நிற்கும் நகரம் இந்தப் ‘பொருந்’ என்பதோடு ஒத்துப்போகிறது. ‘பொரு’ என்பதற்கு மோதுதல், போரிடுதல், ஒத்திருத்தல் என்று பொருள்கள். கரையை மோதி ஓடுவது என்ற விளக்கம் இதிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆழ்வார் பாசுரங்களில் இதே பெயர் ‘பொருநல்’ என்று வரும். அதை அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

8. சங்க இலக்கியத்துல தண்பொருநை வருதே, அது நம்ம நெல்லை ஆறுதானே?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். புறநானூறு 11ஆம் பாடலில் ‘தண்பொருநைப் புனல் பாயும் விண்பொரு புகழ் விறல்வஞ்சி’ என்று வருகிறது. பாடியவர் பேய்மகள் இளவெயினி, பாடப்பட்டவன் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ. வஞ்சி சேரர் தலைநகர். 387ஆம் பாடலிலும் ‘கல்லென் பொருநை’ வஞ்சியின் புறமதிலைத்தான் அலைக்கிறது. 36ஆம் பாடலில் சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டபோது ஆலத்தூர் கிழார் ‘தண்ணான் பொருநை வெண்மணல்’ என்கிறார். அகநானூறு 93 இன்னும் தெளிவு: கருவூர் முன்துறையில் குவிந்த ‘தண் ஆன்பொருநை மணலினும் பலவே’.

கருவூரை ஒட்டி ஓடும் ஆன்பொருநை இன்றைய அமராவதி. காவிரியின் துணையாறு, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. ‘ஆன்பொருநை’ வடமொழி வாய்ப்பட்டு ‘ஆம்பிராவதி’ ஆகி, அங்கிருந்து ‘அமராவதி’ ஆனது என்பது வழக்கமான விளக்கம். கரூர்க் கோயிலுக்குத் தேவாரம் சொல்லும் ‘ஆனிலை’ என்ற பெயரிலும் அந்த ‘ஆன்’ இருக்கிறது. வஞ்சி என்பது கரூரா, கேரளக் கடற்கரை ஊரா என்ற பழைய சண்டை இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பொருநை சேர நாட்டு ஆறு. பாண்டிய நாட்டு ஆறு ஆகாது.

நெல்லைக்காரர்களுக்கு இது கசக்கும். மேடைப் பேச்சில் புறம் 11ஐ எடுத்து நெல்லைக்குச் சூட்டுவது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. பாட்டின் அடுத்த சொல்லைப் படித்தாலே போதும், வஞ்சி வந்து நிற்கும்.

9. அப்போ நெல்லை ஆத்தைப் பொருநைன்னு யார் பாடியிருக்காங்க?

ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி நம்மாழ்வார். அவர் ஊர் குருகூர், இன்றைய ஆழ்வார்திருநகரி, ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. திருவாய்மொழியில் ‘பொருநல் வடகரை வண்தொலைவில்லிமங்கலம்’ என்கிறார். தொலைவில்லிமங்கலம் என்பது இரட்டைத் திருப்பதி. இன்று போய்ப் பார்த்தாலும் ஆற்றின் வடகரையில்தான் இருக்கிறது. ‘சங்குறை பொருநல் தண்திருப் புளிங்குடி’ என்பதும் அவர் வாக்குதான். கூடவே சங்கைச் சொல்வதைக் கவனியுங்கள், 13ஆம் கேள்வியில் அது உதவும்.

அடுத்து கம்பர். சீதையைத் தேட அனுமன் முதலியோரைத் தெற்கே அனுப்பும்போது சுக்கிரீவன் வழி சொல்கிறான்: பொதிய மலையை இடப்பக்கம் விட்டு, ‘பொன் திணிந்த புனல் பெருகும் பொருநை எனும் திருநதி’யையும் கடந்து போங்கள் என்கிறான். பொதியிலோடு சேர்ந்து வருவதால் இது நம் ஆறேதான்.

10. வடமொழி நூல்கள்ல தாமிரபரணி எங்கெல்லாம் வருது?

சுக்கிரீவன் வழி சொல்லும் அதே இடத்தில் வால்மீகியும் இந்த ஆற்றைச் சொல்கிறார், கிஷ்கிந்தா காண்டத்தில். அங்கே தாம்ரபர்ணீ முதலைகள் மொய்த்த பேராறு. சந்தன மரங்கள் மறைக்க, காதலனிடம் போகும் இளம்பெண் போலக் கடலுக்குப் போகிறாள். ஒரே காட்சியில் வால்மீகி ‘தாம்ரபர்ணீ’ என்ற இடத்தில் கம்பர் ‘பொருநை’ என்கிறார். இரண்டும் ஒரே ஆறு என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

மகாபாரதத்தின் வன பருவத்தில் தென்திசைத் தீர்த்தங்களில் ஒன்றாக வருகிறது. காளிதாசர் ரகுவம்சத்தின் 4ஆம் சருக்கத்தில், தாம்ரபர்ணீ கலக்கும் கடலில் எடுத்த முத்தைப் பாண்டியர் ரகுவுக்குக் கப்பமாகக் கொடுத்ததாகப் பாடுகிறார். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது முதலில் சொல்வதே ‘தாம்ரபர்ணிகம்’, அடுத்து ‘பாண்ட்யகவாடகம்’. வடக்கே இருந்தவர்களுக்கு இந்த ஆறு முத்து வழியாகத்தான் தெரிந்திருந்தது.

11. அசோகர் கல்வெட்டுல தாமிரபரணி இருக்குன்னு படிச்சேன். நிஜமா?

சொல் இருக்கிறது, ஆனால் குறிப்பது ஆற்றை அல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் பெரும் பாறைக் கல்வெட்டுகளில் 2ஆவதில் சோடர் (சோழர்), பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று வரிசையாகச் சொல்லி, அதன்பின் ‘தம்பபம்ணி வரை’ என்று வருகிறது. தாம்ரபர்ணீ என்பதன் பிராகிருத வடிவம் அது. 13ஆவதிலும் உண்டு. தமிழ் நாடுகளைத் தாண்டி எல்லையாகச் சொல்லப்படும் இந்தத் தம்பபண்ணி இலங்கைத் தீவு என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

கிரேக்கர்கள் இலங்கையை ‘தப்ரோபனே’ என்று அழைத்தது இதே சொல்லைத்தான். கி.மு. 300ஐ ஒட்டி, கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் காலத்திலேயே அது புழக்கத்தில் இருந்தது.

12. அப்படின்னா இலங்கையிலேர்ந்து பேரு இங்க வந்துச்சா, இங்கேர்ந்து அங்க போச்சா?

இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான மகாவம்சம் ஒரு காரணம் சொல்கிறது. அந்நூல் தீவின் முதல் அரசனாகச் சொல்லும் விசயனும் ஆட்களும் கரையிறங்கிக் களைப்பில் தரையில் கை ஊன்றி உட்கார, செம்மண் பட்டு உள்ளங்கை சிவந்ததாம். அதனால் அந்த இடத்துக்கும் பிறகு தீவுக்கும் தம்பபண்ணி என்று பெயர். பாலியில் ‘பாணி’ என்றால் கை. 4ஆம் கேள்வியில் பார்த்த தாமரை மாலை மாதிரிதான் இதுவும், சொல்லைப் பிரித்துக் கதை சொல்வது. நெல்லையில் ‘இலை’ என்று பிரித்தார்கள், அங்கே ‘கை’ என்று பிரித்தார்கள்.

ஆற்றின் முகத்துவாரமும் இலங்கையின் மேற்குக் கரையும் ஒரே மன்னார் வளைகுடாவில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. இரண்டு கரையிலும் முத்துக் குளித்தார்கள். 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதிய கால்டுவெல், இந்தப் பெயர் ஒற்றுமை தற்செயலானதல்ல என்று கண்டு, குடியேற்றத்தோடு அதைச் சேர்த்து யோசித்தார். பெயர் கடலைக் கடந்தது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். எந்தத் திசையில் கடந்தது என்று அடித்துப் பேசுகிறவர் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்.

13. கிரேக்கர்கள் இந்த ஆத்தை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?

‘சோலேன்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியல் நூலாசிரியர் தாலமி எழுதியது. பெத்திகோ மலையில் பிறக்கும் ஆறுகளில் ஒன்று என்கிறார். பெத்திகோ என்பது பொதிகை. ஆற்று முகத்தை ஒட்டி அவர் சொல்லும் கொல்கோய் நம் கொற்கை. ‘சோலேன்’ கிரேக்கத்தில் குழாய்க்கும் ஒரு வகைச் சிப்பிக்கும் உரிய சொல். இந்த ஆற்று முகத்தில் சங்கும் முத்துச் சிப்பியும் கிடைத்ததை நினைத்தால் பொருத்தம் தெரியும். நம்மாழ்வாரின் ‘சங்குறை பொருநல்’ இந்த இடத்தில் ஞாபகம் வர வேண்டும்.

கொற்கைக்குப் போய் கடலைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துறைமுகமும் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பேசும் ‘காயில்’ அந்தக் காயல்தான்.

14. கன்னியாகுமரி மாவட்டத்துலயும் ஒரு தாமிரபரணி இருக்கே?

இருக்கிறது. குழித்துறையாறு என்றும் மேற்குத் தாமிரபரணி என்றும் சொல்வார்கள். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக் கடலுக்குப் போகிறது. இது தனி ஆறு, நெல்லை ஆற்றின் கிளை அல்ல. இன்னும் ஒரு தாம்ரபர்ணீ மகாராஷ்டிரத்தின் சந்த்கட் பக்கம் பிறந்து கடப்பிரபாவில் சேர்கிறது. இணையத்தில் படம் தேடும்போது கவனம் தேவை.

15. பேப்பர்ல பாபநாசம் அணை, காரையாறு அணைன்னு போடறாங்க. தாமிரபரணி அணைன்னு ஏன் இல்ல?

அணைகளுக்கு ஊர்ப் பெயரோ துணையாற்றின் பெயரோ வைத்துவிட்டார்கள். பாபநாசம் அணை என்பதும் காரையாறு அணை என்பதும் ஒன்றே. முழு நீர்மட்டம் 143 அடி. சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி.

இதே மாதிரி ‘முக்கூடல்’. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல், சிற்றாறு இந்த ஆற்றோடு கலக்கும் இன்றைய சீவலப்பேரி. சேரன்மகாதேவிப் பக்கம் முக்கூடல் என்றே பெயருள்ள ஊர் வேறு. பள்ளுக்காகப் பேருந்து ஏறி அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.

16. பொருநை நாகரிகம் 3200 வருஷம்னு சொல்றாங்களே, அப்போ பேரும் 3200 வருஷப் பழசா?

3200 என்பது சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் வயது. கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் அமைக்கும் அறிவிப்பும் அப்போதுதான் வந்தது. தாழியில் இருந்தது நெல். அதை வைத்தவர்கள் ஆற்றை எப்படி அழைத்தார்கள் என்பதை அந்த நெல் சொல்லாது.

17. பொருநைதான் சுத்தமான தமிழ்ப் பேரு, தாமிரபரணியை வடக்கே இருந்து திணிச்சுட்டாங்கன்னு சொல்றது சரியா?

பொருநை தமிழ், தாம்ரபர்ணீ வடமொழி. இந்த அளவுக்குச் சரி. ‘முதலில் அது, பிறகு இது’ என்ற வரிசைதான் நிற்கவில்லை. 8, 9, 10 ஆகிய பதில்களைச் சேர்த்துப் பாருங்கள். நெல்லை ஆற்றைப் பொருநை என்று ஐயமில்லாமல் சொல்லும் சான்று ஆழ்வார் காலத்தில் கிடைக்கிறது. தாம்ரபர்ணீ என்று சொல்லும் காளிதாசர் அதற்கு முந்தியவர். இதனால் பொருநை பிந்திய பெயர் என்றும் ஆகாது. எழுத்தில் முதலில் பதிவானது வேறு, வாயில் முதலில் வழங்கியது வேறு. கரையில் இருந்தவர்கள் ஒரு பெயரும் முத்து வாங்க வந்தவர்கள் ஒரு பெயரும் வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது இதைத் தொகுத்தவர்களின் கணிப்பு.

18. பழைய பாட்டுல பொருநைன்னு வந்தா எந்த ஆறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்னும் பின்னும் நான்கு அடி படியுங்கள். வஞ்சி, கருவூர், ‘ஆன்’ என்ற முன்னொட்டு, சேரன் பெயர் இவற்றில் ஒன்று இருந்தால் அமராவதிப் பக்கம் போங்கள். பொதியில், அகத்தியர், குருகூர், பாண்டியன் என்றால் நெல்லை. ‘தண்’ என்ற அடைமொழியை மட்டும் நம்பாதீர்கள், அது இரண்டு ஆற்றுக்கும் வருகிறது. பாடலில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை என்றால் அடிக்குறிப்பில் சொல்லும் துறையையும் பாடப்பட்டவனையும் பாருங்கள். புறநானூற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ‘பொருநல்’ என்று லகரத்தில் முடிந்திருந்தால் நீங்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.